மஞ்சள் நிறக் குறைபாடு

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. கண்டுபிடித்ததைக் குழுவின் முன்னால் மூடி திறந்து காட்டுவதுதான் பெரிய காரியம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் காலிக் குப்பியை வைத்துக்கொண்டே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியவந்தபோது அவர் வேறொரு நிறுவனத்துக்கு இயக்குநராகப் போய்விட்டிருந்தார். ஏமாந்ததுகூடப் பரவாயில்லை, ஏமாற்றியவர் தங்களைவிட உயரமான நாற்காலியில் போய் உட்கார்ந்ததுதான் இங்கிருந்தவர்களுக்கு ஆறவில்லை. அன்றைக்குப் போட்ட விதி இது: ஒரு பொருள் நிலையானது என்று யார் சொன்னாலும் நிலைத்தன்மைக் குழு மாதாமாதம் கூடும். குப்பி திறக்கப்படும். ஒவ்வொரு உறுப்பினரும் தம் கண்ணால் உள்ளே பார்ப்பார். தொடர்ந்து மூன்று கூட்டங்களில் பொருள் மாறாமல் இருந்தால் சான்று. சான்று இல்லாமல் ஆய்வேட்டைத் தர முடியாது, ஆய்வேடு இல்லாமல் பட்டம் கிடையாது.

பீங்கான் பொடியையும் சோடாவையும் ஆராய்ந்தவர்களுக்கு இதில் ஒரு தொல்லையும் இருக்கவில்லை. குப்பியைத் திறந்தார்கள், மூடினார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். மாட்டிக்கொண்டவள் மஞ்சளக்காதான்.

மஞ்சளக்கா என்பது ஆய்வகத்தில் இளையவர்கள் வைத்த பெயர். கார்போகேஷன் உப்புகளில் வேலை செய்து செய்து அவளுடைய விரல் நுனிகள் மஞ்சளாகிவிட்டன. கார்போகேஷன் என்றால் ஓர் எலெக்ட்ரான் ஜோடியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும் கார்பன். சாதாரணமாக அது கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாங்காது, கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு வேறொன்றாகிவிடும். ஆனால் அதைச் சுற்றி மூன்று வளையங்களைப் பொருத்தினால், துக்கப்பட்டவளை மூன்று அக்காள்கள் சுற்றி உட்கார்ந்து தாங்குவதுபோல, அவை அந்தக் குறையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். கூடவே வம்புதும்புக்குப் போகாத ஓர் எதிர்மின் அயனியைத் துணைக்கு வைத்தால் நல்ல மஞ்சள் படிகமாக உட்கார்ந்துவிடும். ஈரம் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். ஈரம் பட்டால் போச்சு. தண்ணீரைப் பற்றிக்கொண்டு மஞ்சள் போய், எதற்கும் உதவாத வெள்ளைப் பொடியாகிவிடும்.

இதுவரை எவரும் செய்யாத ஓர் உப்பை அவள் செய்திருந்தாள். மருந்துத் தொழிற்சாலை ஒன்று அதைக் கேள்விப்பட்டு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. வேலையோடு வீடு. அவளுக்கு வேலையைவிட வீடுதான் முக்கியம், ஏனென்றால் அவளுடைய மகள் மூன்று வயதிலிருந்து அக்காவின் வீட்டில் வளர்கிறாள். குழந்தையின் அப்பா கப்பல் இயந்திர அறையில் வேலை செய்பவர், பாதி வருடம் கடலில். ஆராய்ச்சி விடுதியில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. சான்று கிடைத்தால் பட்டம், பட்டம் கிடைத்தால் வீடு, வீடு கிடைத்தால் மகள். கணக்கு என்னவோ எளிதாகத்தான் இருந்தது.

முதல் கூட்டம் மழைக்காலத்தில் வந்தது. குழு கூடும் அறை நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சுவரெல்லாம் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்கிற மூலையில் இருந்தது. மேசை நடுவே தேநீர் கெண்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தலைவர் ஒரு காலத்தில் சிமெண்டைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர் வாங்கியவர். செயலர் எதைச் சொன்னாலும் அதை உடனே தீர்மானமாக மாற்றத் தெரிந்தவர். வெளி உறுப்பினர் என்று ஒருவர் உண்டு, தூங்குவதற்கென்றே வெளியிலிருந்து வருபவர். மஞ்சளக்காவின் வழிகாட்டிப் பேராசிரியரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கடைசியாகப் பேசியவர் யாரோ, அவர் சொல்வது சரி என்பது அவருடைய கொள்கை.

"நிலையான பொருள்னு சொல்றீங்க. சரி, திறங்க," என்றார் தலைவர்.

"ஐயா, காத்துல இருக்கற ஈரம் பட்டாலே இது கெட்டுடும். மூடின குப்பியிலயே பாத்துட்டீங்கன்னா..."

"மூடி வச்சா எல்லாமே நிலையாத்தாம்மா இருக்கும். திறந்தும் இருக்கணும். நான் வாழ்க்கை பூரா சிமெண்டுல கிடந்தவன். தண்ணி பட்டா சிமெண்ட் என்ன ஆகும் சொல்லுங்க? இன்னும் கெட்டியாகும். நல்ல பொருளுக்கு அதுதான் லட்சணம்."

"ரொம்பச் சரி," என்றார் வழிகாட்டி.

குப்பி திறக்கப்பட்டது. தலைவர் எட்டிப் பார்த்தார். செயலர் மூக்கருகே வைத்துப் பார்த்து, நெடி அடிக்கிறது என்றார். வெளி உறுப்பினரை எழுப்பினார்கள். விதிப்படி அவரும் தம் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, அதை ஊதித் துடைத்து, துடைத்த ஞாபகத்தில் குப்பிக்குள்ளும் ஒரு ஊது ஊதிவிட்டுப் பார்த்தார். குப்பி மேசையைச் சுற்றிவிட்டு மஞ்சளக்காவிடம் திரும்பி வந்தபோது படிகங்களின் மேல்பரப்பு வெளுத்திருந்தது.

"நிறத்தில் மாற்றம் காணப்பட்டது. பொருளைப் பேணுவதில் மாணவி கூடுதல் அக்கறை காட்ட அறிவுறுத்தப்படுகிறார்," என்று செயலர் சொல்லிக்கொண்டே எழுதினார்.

அன்று மாலை அக்கா தொலைபேசியில் வந்தாள். "நீ போனை வச்சதும் ஒரே அழுகைடி. கதவுப் பக்கத்துல போய் உக்காந்துக்கறா. சமாதானம் பண்ணவே முடியல."

"இன்னும் மூணு கூட்டத்துல முடிஞ்சிடும்க்கா. சொல்லு அவகிட்ட."

அடுத்த கூட்டத்துக்கு அவள் ஒரு யோசனையோடு போனாள். உப்பைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை உருக்கி அடைத்து எடுத்துப் போனாள். உள்ளே மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். சொல்லப்போனால் அழகாகவே இருந்தது. வெளி உறுப்பினர்கூடத் தாமாகவே விழித்துக்கொண்டு பார்த்தார்.

தலைவர் மட்டும் தலையை ஆட்டினார். "இதுல நாங்க பாத்தது கண்ணாடியை. பொருளை இல்ல. நாளைக்கு ஒருத்தர் கேட்டா, கண்ணாடி நிலையா இருந்துச்சுன்னுதான் என்னால சொல்ல முடியும்."

குழாய் உடைக்கப்பட்டது. செயலர் தம் தேநீர்க் கரண்டியால் படிகங்களைக் கிளறி, அடியில் வேறு ஏதும் ஒளித்து வைக்கப்படவில்லை என்று உறுதி செய்தார். கரண்டி நனைந்திருந்தது.

இம்முறை மாற்றம் அதிகமாக இருந்ததால் காரணத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழுவில் அதே மூவர்தான் இருந்தார்கள், ஆனால் ஆய்வகத்துக்கே நேரில் வந்தார்கள். அங்கே ஈரம் புகாத பெட்டி ஒன்று இருந்தது. முன்பக்கம் கண்ணாடி, அதில் நீளமான கையுறைகள் பொருத்தியிருக்கும், வெளியில் நின்றபடியே கையை விட்டு வேலை செய்யலாம். மஞ்சளக்கா செய்த உப்பு முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

"உள்ள ஈரமே இல்லைங்கறீங்க," என்றார் தலைவர்.

"ஆமாங்க ஐயா. இந்த முள்ளைப் பாருங்க, ஈரம் எவ்வளவுன்னு இது காட்டும்."

"முள்ளு சொல்றது இருக்கட்டும். குழு பார்க்கணும் இல்லையா? கதவைத் திறங்க."

"திறந்தா ஈரம் உள்ள போயிடும் ஐயா. அதுக்குத்தான் அதை மூடியே வச்சிருக்கு."

"பாருங்க, திரும்பத் திரும்ப மூடி வைக்கறதைப் பத்தியே பேசறீங்க. ஒரு ஆராய்ச்சி நிறுவனம் திறந்த புத்தகமா இருக்கணும்."

வழிகாட்டி அதை ஆமோதித்தார். பக்கக் கதவு திறக்கப்பட்டது. தலைவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். "ஈரமா இருக்கே," என்றார். இருந்தது, அது அவருடைய வியர்வை. பெட்டிக்குள்ளிருந்த உப்பெல்லாம் இரண்டு நாளில் வெளுத்தது. ஈரம் புகாத பெட்டியில் ஈரம் இருப்பதைக் கண்டறிந்ததற்காகத் துணைக்குழு தன்னையே பாராட்டித் தீர்மானம் போட்டுக்கொண்டது.

மஞ்சளக்கா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குளிரவைத்து, வடிகட்டி, ஈதரில் கழுவி, வெற்றிடத்தில் உலர்த்தி எடுக்க வாரக்கணக்கில் ஆனது. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தாரையாக மழை பெய்யும்போது கூரையின்கீழ் ஒதுங்கி நிற்பவர் மழையைப் பார்ப்பதுபோல நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டோமா என்பதே சில நாள் மறந்துபோனது.

அதற்கடுத்த கூட்டத்தில் குப்பியைத் திறந்ததுமே செயலர் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். ஆய்வின் தலைப்பில் கார்போகேஷன் என்கிற நேர்மின் அயனியைப் பற்றித்தான் இருக்கிறது. குப்பியிலோ எதிர்மின் அயனி ஒன்றும் இருப்பதாக அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

"அது யாரோடது?" என்று கேட்டார்.

"யாரோடதும் இல்லைங்க. அது துணை அயனி. அமிலத்தோட வர்றது. அது இல்லாம இது இருக்க முடியாது."

"அமிலம் வெளியில வாங்கினதுதானே? அப்போ வெளியாளு. உங்க வேலையைத்தான் நாங்க மதிப்பிட முடியும், அடுத்தவங்க வேலையை இல்ல. நேர்மின் அயனியை மட்டும் தனியா ஒரு குப்பியில கொண்டு வாங்க."

"தனியா வராதுங்க."

"ஏன் வராது? ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பாத்தீங்களா?" என்றார் தலைவர். நல்ல மனதோடுதான் கேட்டார்.

மஞ்சளக்கா குப்பிக்குள் பார்த்தாள். நேரும் எதிரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் எந்த உப்பும் உப்பாகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இவர்களுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வழிகாட்டியைப் பார்த்தாள். அவர் கடைசியாகப் பேசியவர் தலைவர்தான் என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, "முயற்சி பண்ணலாம்," என்றார்.

விவாதம் உணவு இடைவேளை தாண்டியும் நீண்டது. கடைசியில் தலைவரே பெருந்தன்மையாக ஒரு வழி கண்டார். எதிர்மின் அயனி வாக்குரிமை இல்லாத சிறப்பு அழைப்பாளராகக் குப்பியில் இருந்துகொள்ளலாம், ஆனால் கூட்ட நடவடிக்கையில் அதன் பெயர் வரக் கூடாது. எல்லோரும் மேசையைத் தட்டி வரவேற்றார்கள். இந்த வாக்குவாதம் முழுக்க நடந்தபோது குப்பி திறந்தே இருந்தது, திறந்ததை யாரும் மூடச் சொல்லவில்லை.

அக்கா அந்த வாரம் பேசும்போது, "இப்பக் கொஞ்சம் தேவலாம். அழுகை குறைஞ்சிருக்கு. பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, இங்கயே சேர்த்துடவா?" என்று கேட்டாள்.

"வேணாம்க்கா, நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

"இதையேதான் போன வருஷமும் சொன்ன," என்றாள் அக்கா. குத்திக்காட்டவில்லை, ஞாபகப்படுத்தினாள். அவள் அங்கேயே சேர்த்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மஞ்சளக்கா அடுப்புக்கு முன்னால் குடுவையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். புதிதாக உப்பு செய்ய வேண்டும். கை வரவில்லை. அமிலக் குப்பியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். போன கூட்டத்தில் திறந்து கிடந்து முழுவதுமாக வெளுத்துப்போன பழைய குப்பி மேசையிலேயே இருந்தது. கூட்டத்தன்று அதையே எடுத்துக்கொண்டு போனாள். திட்டம் ஏதும் இல்லை. திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைக்கவில்லை.

உள்ளே வெள்ளைப் பொடி. தலைவர் பார்த்தார், செயலர் பார்த்தார், வெளி உறுப்பினரை எழுப்பிக் காட்டினார்கள். அவர் வழக்கம்போல ஊதினார். குப்பி சுற்றி வந்தது. பொடி அப்படியே இருந்தது.

"இன்னிக்கு மாற்றமே இல்லையே," என்றார் செயலர், கொஞ்சம் வியப்பாக.

மறுமாதமும் அதே குப்பி, அதே வெள்ளை. செயலர் கரண்டியால் கிளறினார். தலைவர் ஒரு சொட்டுத் தேநீரை விட்டுப் பார்த்தார். பொடி எதற்கும் அசையவில்லை. மூன்றாவது கூட்டத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சாரலில்கூட ஒரு மணி நேரம் காட்டினார்கள். தலைவரின் முகம் மலர்ந்துபோயிற்று. சிமெண்டுக்குப் பிறகு இப்படி ஒரு பொருளைத் தாம் பார்த்ததில்லை என்றார்.

மஞ்சளக்கா எழுந்து நின்றாள். "ஐயா, இது நான் செஞ்ச உப்பு இல்ல. அது ஈரம் பட்டுச் செத்துப்போச்சு. மிஞ்சினதுதான் இது. முதல் வருஷம் நான் எந்தப் பொடியில வேலையை ஆரம்பிச்சேனோ, அதே பொடி. இத்தனை வருஷ வேலையும் போயி, கிளம்பின இடத்துக்கே வந்து நிக்குது."

இத்தனை மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியதில்லை.

"உங்க அடக்கம் எங்களுக்குத் தெரியும்மா," என்றார் தலைவர் கனிவாக. "ஆனா ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். பொருள் என்னன்னு சொல்றது உங்க வேலை. அது நிலையா இருக்கான்னு சொல்றது எங்க வேலை. இருக்கு. உங்க ஆளுங்க எப்பவும் ஏதாவது நடக்கணும்னு பாப்பாங்க. எங்களுக்கு ஒண்ணும் நடக்கலைன்னா நிம்மதி. நான் இந்த நாற்காலியில உக்காந்ததுல இருந்து இந்த நிறுவனத்துல எந்த மாற்றமும் வர விட்டதில்ல. சும்மா வந்ததா இது? ஒவ்வொரு நாளும் கண்கொத்திப் பாம்பா இருந்து பாத்துக்கிட்டது."

"ஆனா ஆய்வேட்டுல மஞ்சள்னு எழுதியிருக்கேன் ஐயா."

"அதுக்கும் வழி பண்ணியாச்சு," என்று செயலர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "தொடக்கத்தில் இப்பொருளில் காணப்பட்ட மஞ்சள் நிறக் குறைபாடு, குழுவின் இடைவிடாத கண்காணிப்பால் முற்றிலும் நீங்கியது. பொருள் இப்போது பூரண நிலைத்தன்மை அடைந்துள்ளது. இதற்குக் காரணமான குழுவுக்கு மாணவி நன்றி தெரிவிக்கிறார்."

"நீங்க ஒத்துக்கலைன்னா பாதகமில்ல," என்றார் தலைவர். "மஞ்சளா ஒண்ணு செஞ்சு கொண்டு வாங்க. முதல் கூட்டத்துல இருந்து மறுபடி ஆரம்பிப்போம். எங்களுக்கு நேரம் இருக்கு."

அதில் மிரட்டல் இல்லை. அவர்களிடம் உண்மையாகவே நிறைய நேரம் இருந்தது. மஞ்சளக்கா வழிகாட்டியைப் பார்த்தாள். அவர் சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மகளை நினைத்துக்கொண்டாள். அந்த உப்பை இனி எவரும் செய்யப்போவதில்லை, செய்தாலும் அது நிலைக்காது என்று இந்தச் சான்றைப் பார்த்து விட்டுவிடுவார்கள் என்பதும் தெரிந்தது. வருத்தப்பட வேண்டிய விஷயம் அது. அதற்கான இடம் உள்ளே எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சரிங்க ஐயா," என்றாள்.

மேசையைத் தட்டினார்கள். வெளி உறுப்பினர் அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் குப்பிக்குள் பார்த்தார்.

எல்லாம் மளமளவென்று நடந்தது. பட்டம் வந்தது. தொழிற்சாலை வீட்டின் சாவியைக் கொடுத்தது. அந்த உப்பைப் பற்றி அவர்கள் கேட்டபோது, சான்றைக் காட்டினாள். அதைப் படித்துவிட்டு, சரி, வேறு வேலை தருகிறோம் என்றார்கள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

அக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இளைச்சுட்ட பாரு. வா. உம் பொண்ணைப் பாத்தா நீயே அசந்துடுவ. முன்னெல்லாம் எப்படிப் படுத்தினா, இப்ப அவ இருக்கற இடமே தெரியாது. அழுகை இல்ல, அடம் இல்ல. போட்டதைச் சாப்பிடுவா, சொன்னா படுத்துப்பா. நல்லா பழகிட்டா."

ஆறு வயது மகள் கூடத்தில் சம்மணம் போட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "வாம்மா," என்றாள், பக்கத்து வீட்டிலிருந்து வந்தவளைப் போல. மறுபடி குனிந்து எழுதினாள்.

மஞ்சளக்கா அருகில் உட்கார்ந்தாள். "உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். நமக்கு வீடு கிடைச்சிருக்கு."

"சரி."

"இனிமே எங்கயும் போக மாட்டேன். உன்கூடவே இருப்பேன்."

"சரிம்மா."

"அம்மா மேல கோவமா?"

குழந்தை யோசித்தாள். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "இல்லையே," என்றாள்.

மஞ்சளக்காவுக்குப் பயம் வந்தது. இத்தனை மாதங்களில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அந்தச் சின்ன முகத்தில் கோபத்தையோ ஏக்கத்தையோ ஒரு கீற்றாவது கண்டுவிட முடியுமா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. பயத்தின் பின்னாலேயே, அடைத்து வைத்திருந்ததெல்லாம் கிளம்பி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா பதறிப்போய் என்னடி, என்னடி என்றாள்.

மகள் பென்சிலை வைத்துவிட்டு, அம்மாவின் முதுகை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். இந்த வேலை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அழாதம்மா. முதல்ல அப்படித்தான் இருக்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாது."